கனகாம்பரத்துக்குப் பட்டாசுப் பெயர் வந்த கதை

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்றைக்குக் கனகாம்பரம். பூவைவிட அதன் பெயரைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், அதிலும் குறிப்பாக அதன் ஆங்கிலப் பெயரை. ஆங்கிலத்தில் கனகாம்பரத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ‘ஃபயர்கிராக்கர் ஃப்ளவர்’. அப்படியே தமிழாக்கினால் பட்டாசுப் பூ.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இதைக் கேட்டால் ‘அட, நல்லாருக்கே’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். எனக்கு இது தட்டுப்பட்டது ஆமத்தூரில். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் இருக்கிற ஊர். சுற்றுவட்டாரத்தில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் இல்லாத தெரு குறைவு. அங்கே ஒரு நர்சரியில் தொட்டிச் செடிகளில் பிளாஸ்டிக் அட்டை குத்தி வைத்திருந்தார்கள். கனகாம்பரத் தொட்டியில் ஆங்கிலத்தில் இந்தப் பெயர். பக்கத்தில் செடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, ‘அதுல என்ன தம்பி போட்டிருக்கு?’ என்றார். படித்து அர்த்தம் சொன்னேன். அவர் தலையில் அன்றைக்கும் கனகாம்பரம்தான். ‘ஏன் தம்பி, வெடிக்கிற பூவையா நாங்க தலையில வச்சுக்கிட்டு மருந்து ரூமுக்குப் போறோம்?’ என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. யார் இந்தப் பெயரை வைத்தது, எதைப் பார்த்து வைத்தது? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

முதலில் நம்ம பெயர். கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. பீதாம்பரம் மாதிரி கனகாம்பரம். பொன்னாடை. வடசொல்தான், ஆனால் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் கொஞ்சம் உச்சரிப்பு மாறி இதே பெயர். அதாவது இந்தப் பெயரை வைத்தவர் நிறத்தைப் பார்த்தார். இன்னொன்றும் சொல்லலாம்: இந்தப் பூவுக்கு மணம் கிடையாது. மல்லிக்கு, பிச்சிக்கு மணம் இருக்கிறது. கனகாம்பரம் நிறத்துக்காகவே தலையேறிய பூ. மல்லிகைச் சரத்துக்கு நடுவே நாலு கனகாம்பரம் சேர்த்துக் கட்டினால்தான் பலருக்கும் சரம் நிறைந்த மாதிரி இருக்கும். மணமில்லாத பூவைத் துணியோடு ஒப்பிட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது.

அடுத்தது அறிவியல் பெயர். கிராசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ். வாயில் நுழைய மறுக்கும், ஆனால் பிரித்தால் எளிது. 1759-ல் லின்னேயஸ் இந்தச் செடியை ‘ஜஸ்டீசியா’ என்கிற பேரினத்தில் வைத்தார். ஜஸ்டீசியா என்றதும் நீதி, நியாயம் என்று போய்விடாதீர்கள். ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்கிற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைக்காரரின் நினைவாக வைத்த பெயர் அது. நம்ம ஆடாதோடை இன்றைக்கும் அந்தப் பேரினத்தில்தான் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரே ‘ஜஸ்டீசியா அடாதோடா’. நம் பக்கத்துச் சொல் லத்தீன் உடுப்புப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கனகாம்பரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லின்னேயஸ் அதற்கு வைத்தது ‘இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ்’. புனல் வடிவம் என்று அர்த்தம். மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் இருக்கிறதே, அதேதான். கனகாம்பரத்தை ஒன்று பறித்துப் பார்த்தால் தெரியும்: கீழே மெல்லிய குழல், மேலே ஒரு பக்கமாக விரிகிற விசிறி.

1805-ல் ரிச்சர்ட் சாலிஸ்பரி என்கிற ஆங்கிலத் தாவரவியலாளர், லண்டன் தோட்டங்களில் வளர்ந்த செடிகளைப் படத்தோடு விவரிக்கும் ‘பாரடைசஸ் லண்டினென்சிஸ்’ என்ற நூலில், கிராசாண்ட்ரா என்று புதிதாக ஒரு பேரினத்தை உண்டாக்கினார். கிரேக்கத்தில் ‘கிராசோஸ்’ என்றால் துணியின் ஓரத்துக் குஞ்சம், ‘ஆண்ட்ரா’ ஆண் உறுப்பைக் குறிப்பது. குஞ்சம் வைத்த மகரந்தப் பை. குழலுக்குள்ளே லென்ஸ் வைத்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். பிறகு 1832-ல் நீஸ் என்கிற ஜெர்மானியர், கல்கத்தா தாவரவியல் பூங்காவை நிர்வகித்த வாலிக் வெளியிட்ட பெரிய நூலில், லின்னேயஸின் புனலையும் சாலிஸ்பரியின் குஞ்சத்தையும் சேர்த்து இப்போதைய பெயரைக் கொடுத்தார்.

ஆக, ஆடை, புனல், குஞ்சம். ஒவ்வொருவரும் அவரவர் நின்ற தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். இதுவரை ஒரு இடத்திலும் பட்டாசு வரவில்லை.

பட்டாசு வருவது பூ உதிர்ந்த பிறகு. கனகாம்பரம் நாலு பட்டையாக இருக்கிற ஒரு பச்சைக் கதிரில் கீழிருந்து மேலே வரிசையாகப் பூக்கும். பறிக்காமல் விட்டால் பூ வாடி விழுந்து, அந்த இடத்தில் ஒரு சின்னக் காய் பிடிக்கும். உள்ளே நாலு விதை. காய் முற்றிக் காய்ந்து, கதிரும் பழுப்பாகிவிடும். அப்போது மழை பெய்தாலோ, குடத்துத் தண்ணீர் தெறித்தாலோ, ‘பட்’ என்று ஒரு சத்தம். காய் இரண்டாகப் பிளந்து விதைகள் தெறித்து ஓடும். ஒரு காய் வெடித்தால் பக்கத்துக் காயும் வெடிக்கும், ஏனென்றால் ஒரே தண்ணீர்தான் எல்லாவற்றையும் நனைத்திருக்கிறது. கதிர் கதிராகக் காய் இருந்தால் சின்னச் சரம் வெடித்த மாதிரிதான் இருக்கும்.

இதன் சூட்சுமம் என்னவென்றால், காயின் இரண்டு ஓடுகளும் காயக் காய வெளிப்பக்கமாக வளைந்துகொள்ளப் பார்க்கும். ஆனால் ஓரத்தில் இருக்கிற ஒட்டுப்பகுதி இரண்டையும் இழுத்துப் பிடித்திருக்கும். வில்லை வளைத்து நாண் கட்டி வைத்த மாதிரி. ஈரம் பட்டதும் அந்த ஒட்டு இளகிவிடும். உடனே வில் விடுபடும். விதைகள் சும்மா கிடப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கொக்கி இருக்கிறது. கவண் மாதிரி அந்தக் கொக்கிதான் விதையை எறிகிறது. இந்தக் கொக்கி கனகாம்பரத்தின் குடும்பத்தில் பெரும்பாலான செடிகளுக்குக் குலச்சொத்து. டிசம்பர் பூவுக்கும் உண்டு.

இதில் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தது வேறொரு சொந்தக்காரச் செடி. வாய்க்கால் ஓரத்திலும் பள்ளிக்கூடச் சுவர் ஓரத்திலும் ஊதாப் பூ பூக்கிற களை. சித்த மருந்துக்காரர்கள் கிரந்திநாயகம் என்பார்கள். பிள்ளைகளுக்கு அது வெடிக்காய், பட்டாசுக்காய். காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டு, இல்லாவிட்டால் எச்சில் தொட்டு, பக்கத்தில் இருப்பவன் கையில் கொடுத்துவிட்டு ஓடுவது. இதை விளையாடாமல் வளர்ந்தவர்கள் கிராமத்தில் குறைவு. ருவெல்லியா டியூபரோசா என்பது அதன் பெயர், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊரில் குடியேறியது. ஆங்கிலத்தில் அதற்கும் ‘கிராக்கர் பிளான்ட்’ என்று பெயர் உண்டு. ஜமைக்காவில் ‘டப்பி கன்’ என்கிறார்கள், டப்பி என்றால் அந்த ஊர்ப் பேய். பேய்த் துப்பாக்கி! பெயர் வைப்பதில் ஜமைக்காக்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது. இந்த ருவெல்லியா வகையில் இன்னொரு செடியை அமெரிக்காவில் போமோனா கல்லூரி ஆய்வாளர்கள் அதிவேக கேமரா வைத்துப் படம் பிடித்து 2018-ல் வெளியிட்டார்கள். அந்த விதை பறக்கும்போது நொடிக்கு 1,600 தடவைக்கு மேல் சுற்றுகிறது. சுற்றுவதால்தான் தட்டு மாதிரி நிலையாக, காற்று அதிகம் தடுக்காமல், சில மீட்டர் தூரம் போகிறது.

சரி, இப்போது ஆங்கிலப் பெயருக்கு வருவோம். அதில் ‘ஃபயர்’ இருக்கிறது. ஆனால் இந்தச் செடி வெடிப்பதற்கும் நெருப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெடிக்க வைப்பது தண்ணீர். பட்டாசுக்காரர்களுக்கு இதைவிடத் தலைகீழான விஷயம் வேறு இருக்க முடியாது. பட்டாசுக்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டால் நமுத்துப் போகும். திரி பிடிக்காது, பிடித்தாலும் ‘புஸ்’ என்று போய்விடும். சிவகாசி வட்டாரத்தில் இந்தத் தொழில் வேர்விட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது அந்த வறட்சிதான்: மழை குறைவு, வெயில் அதிகம், காயப்போட்டது காயும். மழைக்காலத்தில் காயப்போட முடியாமல் வேலை தேங்கும். அதே மண்ணில், அதே வேலியோரத்தில், ஒரு சின்னக் காய் மழைக்காகக் காத்திருந்து வெடிக்கிறது. ஆமத்தூர் அக்காவுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: ‘பூ வெடிக்காதுக்கா, காய்தான். அதுவும் தீயில வெடிக்காது, தண்ணியிலதான்.’ அவர், ‘அப்ப அது நம்ம வெடி இல்லை’ என்று முடித்துவிட்டார்.

ஆங்கிலம் பட்டாசுப் பெயரை இந்த ஒரு செடிக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நிறுத்தவில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த ரஸ்ஸெலியா, நம்ம ஊர் பங்களாக்களிலும் பார்க்கலாம், இலையே இல்லாத மாதிரிப் பச்சைக் குச்சிகள் தொங்கி, அதில் சிவப்பாகக் குழல் குழலாகப் பூக்கும். அது ‘ஃபயர்கிராக்கர் பிளான்ட்’. மெக்சிகோவின் இன்னொரு செடி கூஃபியா. சிவப்புக் குழல், நுனியில் சாம்பல் நிறம். அதற்கும் அதே பெயர், கூடவே சுருட்டுச் செடி என்றும் ஒரு பெயர், பற்றவைத்த சுருட்டு மாதிரி இருப்பதால். தென் அமெரிக்காவின் ஒரு கொடி, மானெட்டியா, ‘ஃபயர்கிராக்கர் வைன்’.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கலிபோர்னியா மலைப்பக்கத்தில் பூக்கும் ஒரு கிழங்குச் செடி. நீளத் தண்டின் உச்சியில் ரத்தச் சிவப்பில் குழல்கள் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும். ‘ஃபயர்கிராக்கர் ஃப்ளவர்’ என்று அமெரிக்கர்களிடம் சொன்னால் பலருக்கும் இதுதான் நினைவுக்கு வரும். இதன் அறிவியல் பெயரில் ‘ஐடா-மாயா’ என்று வருகிறது. 19-ம் நூற்றாண்டில் அல்போன்சோ வுட் என்கிற தாவரவியலாளருக்கு இந்தப் பூவைக் காட்டிக் கொடுத்தவர் ஒரு குதிரைவண்டி ஓட்டுநர். அவருடைய மகள் பெயர் ஐடா மே. வண்டிக்காரர் மகளின் பெயர் லத்தீனில் நிலைத்துவிட்டது.

இந்தச் செடிகளுக்குள் உறவே கிடையாது. ஒன்றுக்கொன்று வேறு குடும்பம். இதில் எதுவும் வெடித்ததற்காகப் பெயர் வாங்கவில்லை. குழலாக, சிவப்பாக இருந்ததற்காக வாங்கின. அதாவது அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் மனதில் இருந்த பட்டாசு, சிவப்புக் காகிதம் சுற்றிய சின்னக் குழாய். சீனாவிலிருந்து கப்பலில் போய் அமெரிக்காவின் ஜூலை 4 கொண்டாட்டத்தில் வெடித்த பட்டாசு. யாழ்ப்பாணத்தில் இன்றும் சீனவெடி என்று சொல்கிறார்களே, அதுதான். நம்ம பக்கம் சீனி வெடி. கனகாம்பரத்துக்கு மட்டும்தான் சத்தத்துக்காகப் பெயர் கிடைத்தது. மற்றவர்கள் எல்லாம் கண்ணால் வைத்த பெயரை இதற்குக் காதால் வைத்திருக்கிறார்கள். ஒரே பெயர், காரணம் வேறு வேறு. அதனால்தான் செடி வாங்கும்போது ஆங்கிலப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள் என்று தோட்டக்காரர்கள் சொல்வது. எது கையில் வரும் என்று தெரியாது.

‘கிராக்கர்’ என்கிற சொல்லும் அப்படித்தான், நிற்கிற இடத்தில் நிற்காது. பேக்கரியில் அது பிஸ்கட். அமெரிக்காவின் ஜார்ஜியா, ஃப்ளோரிடா பக்கம் ஏழை வெள்ளைக்காரர்களைக் குறிக்கிற வசவு. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்து மேசையில் இரண்டு பேர் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து இழுத்தால் ‘பட்’ என்று சத்தம் போட்டுப் பரிசு விழுகிற காகிதச் சுருள். லண்டனில் மிட்டாய்க்கடை வைத்திருந்த டாம் ஸ்மித் 1840-களில் கண்டுபிடித்தது. ‘கிராக்’ என்ற ஒலிதான் இவை எல்லாவற்றுக்கும் தாய்.

பட்டாசின் பெயரால் செடியை அழைக்கிறோம், சரி. பட்டாசுக்கு முதலில் எங்கிருந்து பெயர் வந்தது? செடியிலிருந்து. சீன மொழியில் பட்டாசுக்கு ‘பாவோஜூ’ என்று பெயர். வெடிக்கும் மூங்கில் என்று அர்த்தம். வெடிமருந்து கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே அவர்கள் பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டு வெடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். கணுவுக்குக் கணு அடைபட்ட காற்றும் ஈரமும் சூடாகி, வெளியேற வழியில்லாமல் மூங்கிலைப் பிளக்கும். தீய சக்திகள் ஓடும் என்று நம்பிக்கை. பிறகு மருந்து வந்தது, காகிதக் குழாய் வந்தது, பெயர் மட்டும் மூங்கிலாகவே இருந்துவிட்டது. கையெறி குண்டுக்கு ஆங்கிலத்தில் ‘கிரனேட்’, அது பிரெஞ்சுக்காரர்களின் மாதுளம்பழம். உள்ளே மணி மணியாக மருந்து நிறைத்த பழம். நம்ம பூச்சட்டிக்கு வட இந்தியாவில் ‘அனார்’ என்று பெயர், அதுவும் மாதுளைதான். ஒரே வாணத்தை அவர்கள் பழமாகப் பார்த்தார்கள், நாம் பூவாகப் பார்த்தோம்.

இந்த இடத்தில் சிவகாசிக்குள் போயே ஆக வேண்டும். ஏனென்றால் பூவும் பட்டாசும் பெயரில் இவ்வளவு பின்னிக் கிடக்கிற ஊர் வேறு இல்லை. பூச்சட்டியைப் பார்த்தோம். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் ‘ஃப்ளவர் பாட்ஸ்’ என்று இருக்கும். பேச்சில் அது புஸ்வாணம். வாணம் என்பது பாணம், அதாவது அம்பு. மத்தாப்பு, பாரசீகத்தில் ‘மஹ்தாப்’ என்றால் நிலவொளி. நிலா வெளிச்சம் மாதிரி எரிகிற வாணத்துக்கு வைத்த பெயர் நம்மிடம் வந்து மத்தாப்பு ஆனது. அதோடு நிற்கவில்லை, நாம் அதை மத்தாப்பூ என்று எழுத ஆரம்பித்துவிட்டோம். பாரசீக நிலாவுக்கு ஒரு கால் போட்டுப் பூவாக்கிவிட்டோம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், எனக்கு அந்தப் பூ பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடச் சரம். பூச்சரமும் சரம், சரவெடியும் சரம். சரவெடியைப் பின்னுவது என்பார்கள். சின்ன வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்து இடமும் வலமுமாகக் கோப்பது. பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த வேலை. பூக்கட்டுகிற விரல் வேகம் அதற்கும் வேண்டும். மருந்து என்கிற சொல்லையும் கவனியுங்கள். காய்ச்சலுக்கும் மருந்து, குழாயில் அடைப்பதும் மருந்து. ஆமத்தூரில் ‘அவரு மருந்து வேலை பார்க்குறாரு’ என்றால் யாரும் ஆஸ்பத்திரியை நினைக்க மாட்டார்கள்.

இந்தத் தொழிலின் வரலாறு ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923-லிருந்து சிவகாசியில் தீப்பெட்டி. பிறகு வண்ண மத்தாப்பு, பட்டாசு. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தன, உரிமம் பெற்ற ஆலைகள் வந்தன. பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சுத் தொழில் வந்தது. கனகாம்பரத்தின் இப்போதைய அறிவியல் பெயரும் கல்கத்தா ஆள் ஒருவரின் நூல் வழியாக வந்தது, சிவகாசியின் தீயும் கல்கத்தா வழியாக வந்தது. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

இப்போது அந்த அக்காவின் கேள்வியில் இருந்த இன்னொரு பகுதி. ‘மருந்து ரூமுக்குப் போறோம்’ என்றாரே. ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகத்தில் ‘ஃபயர்கிராக்கர்’ என்பது ஒரு குதூகலமான சொல். விடுமுறை, குழந்தைகள், வண்ணம். அந்தச் சொல்லை எழுதியவர் பட்டாசை வாங்கி வெடிக்கிற முனையில் நின்றவர். செய்கிற முனை வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இவை பெரிய எழுத்தில் செய்தி வந்தவை. ஒருவர், இருவர் என்று போனவை மாவட்டப் பக்கத்தில் நாலு வரி. உராய்வு, சூடு, கலவையில் ஒரு சிறு பிசகு, ஓர் அறையில் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் ஆளும் மருந்தும், இவைதான் திரும்பத் திரும்பக் காரணம். செயற்கை இழைத் துணி போட்டு மருந்து அறைக்குள் போகக் கூடாது, நிலைமின்சாரம் உண்டாகும், பருத்திதான் உடுத்த வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. பொன்னாடை என்று பெயர் கொண்ட பூவைச் சூடிக்கொண்டு பருத்திச் சேலை உடுத்தி உள்ளே போகிறார்கள்.

அந்த வட்டாரத்தில் பட்டாசு என்கிற சொல்லை யாரும் உவமையாகப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. சென்னையில் ‘மேட்ச் பட்டாசு’, ‘படம் பட்டாசு’ என்போம். ஆமத்தூர் டீக்கடையில் பட்டாசு என்றால் பட்டாசுதான்: கூலி, முன்பணம், இந்த வருஷம் ஆர்டர் எப்படி, ஆலை திறந்திருக்கா.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை. சத்தம், புகை, குப்பை என்று அதற்கான காரணங்களை மறுக்க முடியாது. டெல்லிக் காற்றைச் சுவாசித்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இங்கேயும் ஒரு பெயர் விளையாட்டு இருக்கிறது. வாணத்தில் பச்சை நிறத்தைக் கொடுப்பது பேரியம். அதனால் ‘பசுமை’ப் பட்டாசில் அந்தப் பச்சைக்கு இடமில்லை. சரவெடித் தடையோடு ‘பின்னுறது’ என்கிற வேலையும் ஆட்டம் கண்டது. சரம் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் இருந்த இரண்டு அர்த்தத்தில் ஒன்று அன்றைக்குச் சட்டத்துக்குப் புறம்பானது. இன்னொன்று மட்டும் முழக்கணக்கில் விற்கிறது.

மறுபடி பூவுக்கு வருகிறேன். மேற்குக் கடற்கரையில், கோவாவிலும் மகாராஷ்டிராவிலும், இதே கனகாம்பரத்துக்கு ‘அபோலி’ என்று பெயர். மராத்தியில் ‘அபோல்’ என்றால் பேசாத, மௌனமான. பேசாத பூ! ஒரு மொழியில் பட்டாசு, இன்னொரு மொழியில் மௌனம். இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் அசந்து போய் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டும் எப்படி ஒரே செடிக்கு? என் ஊகத்தைச் சொல்கிறேன். பூவைப் பறித்துச் சூடுகிறவர்களுக்கு இது மௌனமான பூ. மணத்தால்கூட அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அவர்கள் கதிரில் பூ விரிய விரிய எடுத்துவிடுவார்கள், காய் முற்றிக் காய்கிற வரைக்கும் செடியில் விட்டுவைக்க அவர்களுக்கு வேலை இல்லை. தோட்டத்தில் அழகுக்கு வைத்துப் பூவைப் பறிக்காமல் விடுகிறவருக்குத்தான் கடைசியில் அந்தச் சத்தம் கேட்கும். ஆங்கிலப் பெயர் பூவைத் தலையில் வைக்காதவர் வைத்த பெயர். நம்ம பெயரும் அபோலியும் வைத்துக்கொண்டவர்கள் கொடுத்தவை. விதைக்காகச் செடி விட்டவர்களும் விளையாட்டுப் பிள்ளைகளும் நம்மிடமும் காயின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் அது பெயர் வைக்கிற அளவுக்குப் பெரிய சங்கதியாகப் படவில்லை.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. டிசம்பர் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நாம்தான் அதற்கு ஓர் ஆங்கில மாதத்தின் பெயரை வைத்திருக்கிறோம். ஆங்கிலேயர்களோ அதை ‘பிலிப்பைன் வயலெட்’ என்கிறார்கள். அது பிலிப்பைன்ஸ் நாட்டைத் தாயகமாகக் கொண்டதும் இல்லை, வயலெட் குடும்பமும் இல்லை. கனகாம்பரத்துக்குச் சொந்தக்காரி.

இனி நர்சரி அட்டையில் இருப்பது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் சந்தைக்கு அதிகம் வருவது டெல்லி கனகாம்பரம் என்கிற வகை. அடர்ந்த ஆரஞ்சு, இதழ் பெரிசு, பார்த்தவுடன் தெரியும். அது மும்மடியம். சாதாரணமாக இரண்டு தொகுதி குரோமோசோம் இருக்கிற இடத்தில் மூன்று தொகுதி. அதனால் விதை பிடிக்காது. தண்டை வெட்டி வேர்விட வைத்துத்தான் பெருக்குகிறார்கள். விதை இல்லை என்றால் வெடிக்கக் காயும் இல்லை. ஆமத்தூர் நர்சரியில் நான் பார்த்த தொட்டியில் இருந்ததும் டெல்லிதான், நிறத்திலேயே தெரிந்தது. அட்டையில் பட்டாசு, செடியில் சத்தமே வராது.

வெடிக்கிறது வேண்டுமென்றால் பழைய விதைக் கனகாம்பரம் வேண்டும். வெளிறிய ஆரஞ்சு, மஞ்சள் என்று வீட்டுக் கொல்லைகளில் இன்னும் இருக்கிறது. பறிக்க ஆளில்லாமல் விட்ட கதிர்களாகப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும், தீபாவளியும் அப்போதுதான். பட்டாசுக் கடைக்காரர்கள் தார்ப்பாய் தேடுகிற நேரம். முதல் மழை விழுந்ததும் கொல்லைப்பக்கம் போய் நின்றால் கேட்கலாம், சத்தம் சின்னதுதான், மழைச் சத்தத்துக்கு நடுவே காது கொடுக்க வேண்டும்.